நான் படிக்காத சீட்டு

விருத்தாசலத்தில் கன்னியர் நடத்தும் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் மன்றாட்டுப் பெட்டியில் போடும் சீட்டுகளைக் காலை வழிபாட்டில் படித்து ஜெபம் சொல்வதும் என் பொறுப்புதான். எந்த மதத்துப் பிள்ளையும் சீட்டு போடலாம்.

மங்கலம்பேட்டையிலிருந்து வரும் என் வகுப்பு சல்மா, "அப்பா சீக்கிரம் வூட்டுக்கு வரணும்" என்று தினமும் எழுதிப் போடுவாள். அந்த ஊரில் பலருடைய அப்பாவும் வளைகுடாவில்தான். வழிபாட்டை நீட்டினால் தலைமை சிஸ்டருக்கும் பிடிக்காது. அதனால், "வெளிநாட்டில் உழைக்கும் பெற்றோருக்காக மன்றாடுவோம்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவேன்.

ஒரு வாரம் அவள் வரவில்லை. திரும்பி வந்தவளிடம், "என்னம்மா, அப்பா வந்துட்டாங்களா?" என்று சிரித்தபடி கேட்டேன்.

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில இருந்தாங்க மிஸ். மவுத்தாயிட்டாங்க, அடக்கம் பண்ணியாச்சு" என்றாள். பிறகு, "என் சீட்ட நீங்க ஒரு நாள் கூட படிக்கலீங்க மிஸ்" என்றாள்.

இப்போதெல்லாம் சீட்டு எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு விவரம் கேட்ட பிறகே மைக் முன்னால் நிற்கிறேன். எழுதியதை எழுதியபடியே, பெயர் சொல்லிப் படிக்கிறேன். நேரமாகிறது என்று சிஸ்டர் கடிந்துகொண்டாலும் விடுவதில்லை.

சல்மா அதற்குப் பிறகு சீட்டு எதுவும் போடவில்லை.