பெற்றோல் செட்டுக்கு வந்த கவச வாகனங்கள்

பெற்றோல் செட் நடத்துகிறவர்களுக்கு வாகனங்களின் பெருமை தெரியாது. அவற்றின் பசிதான் தெரியும். கார்க்காரர் தம் காரைப் பற்றியும் லொறிக்காரர் தம் லொறியைப் பற்றியும் பாடும் புகழை எரிபொருள் ஊற்றியபடியே கேட்டுச் சலித்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் கவச வாகனக்காரரின் புகழுரையைக் கேட்கும் பேறு உங்களிற் பலருக்குக் கிட்டியிராது. எனக்குக் கிட்டியது.

பதுளையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் வழியில் எங்கள் செட் இருந்தது. பாடசாலையில் பௌதிகம் கற்பித்துவந்த நான், கணவர் காலமானபின் அதைப் பொறுப்பேற்றேன். எழுபதுகளின் தொடக்கத்தில், இளைஞர் கிளர்ச்சியை ஒட்டி ஊரடங்குச் சட்டம் நீடித்த மாதங்களில், இராணுவத்தினர் செட்டுக்கு எதிரே கூடாரம் அடித்தனர். அவர்களிடம் இரண்டு வாகனங்கள் இருந்தன. ஒன்று ஆறு சக்கரமும் பீரங்கியும் உடைய பெரியது. மற்றது நான்கு சக்கரமும் இயந்திரத் துப்பாக்கியும் உடைய சிறியது. அவற்றைப் பார்த்து ஊரே மிரண்டது. எங்கள் பம்ப்காரன் முத்தையாவுக்கு வேறு கவலை. அவன் மனைவி செல்லம்மா மேலே தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் தலைப்பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர இருந்தது அந்த ஒரே ரோட்டுத்தான்.

சங்கிலியும் சக்கரமும்

ஊரார் இரண்டையும் 'டாங்கி' என்றே அழைத்தனர். நான் திருத்தினேன்: இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்தால் தாங்கி, சக்கரத்தில் ஓடினால் கவச கார். படைக்குப் பொறுப்பாயிருந்த இளம் லெப்டினன்ட் வெளிநாட்டில் பயின்றவர். தமக்கு ஓர் இலகு தாங்கி தரப்படவில்லையே என்பது அவருடைய தீராத குறை. சங்கிலி பாரத்தைப் பரப்பிவிடுவதால் தாங்கி சேற்றில் புதையாது என்று, எங்கள் தேநீரை அருந்தியபடி, ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். பரப்புக் கூடினால் அமுக்கம் குறையும் என்று ஆண்டுக்கணக்கில் கற்பித்தவள் நான். தேறிய மாணவனைப் பார்ப்பதுபோல் தலையசைத்தேன்.

குறை உண்டா என்று கேட்டேன். தார் ரோட்டைச் சங்கிலி கிழித்துவிடும். நெடுந்தூரம் ஓடினால் சங்கிலியும் தேய்ந்துவிடும். ஆகையால் சண்டை நடக்கும் இடம்வரை பெரிய லொறியொன்றில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்றார். அவருடைய சார்ஜன் துவான் மலாய்க்காரர். வீட்டிலும் வெளியிலும் தமிழ் பேசிப் பழகியவர். அவர் இதை முத்தையாவுக்கு எடுத்துச் சொன்னார். அவன் சிறிது யோசித்தான்.

"அதத் தூக்கிட்டு வர ஒரு லொறி வேணும்னா, அந்த லொறியவே சண்டைக்கு அனுப்பிப்புடலாமே சார்?"

பெரியதன் தாகம்

பெரிய வாகனத்தின் நிறைகளை மறைப்பது நியாயமன்று. ஆறு சக்கரங்களையும் எஞ்சினே உருட்டியது. ஒருநாள் ஒரு டயர் கிழிந்தும் அது நில்லாமல் மலையேறித் திரும்பியதை நானே கண்டேன். ஆனால் திரும்பி வந்ததும் குடித்ததே ஒரு குடி! ஏற்கனவே தட்டுப்பாட்டுக் காலம். பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியார் தம் காரோடு வரிசையில் பொறுமையாக நின்றார். அவருடைய முறை வந்தபோது பம்பில் காற்றுத்தான் வந்தது. ஹாஜியார் அந்த வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், இது எங்களக் காப்பாத்துறது சரிதான். இதுக்கிட்ட இருந்து உங்கட செட்ட ஆரு காப்பாத்துறது?"

பாலத்தருகே ஒரு பாடம்

தோட்டத்துக்குப் போகும் வழியில் பலகை போட்ட பழைய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. தேயிலை ஏற்றிய லொறிகள் அதன்மேல் அப்படியே போவதில்லை. பாலத்துக்கு இப்பால் சாக்குகளை இறக்குவார்கள், ஆட்கள் தோளில் சுமந்து கடப்பார்கள், வெறும் லொறி மெல்ல ஊர்ந்து வரும், மீண்டும் ஏற்றுவார்கள். அங்கே அதுதான் வழக்கம். பெரிய வாகனத்தை மேலே அனுப்பத் தீர்மானித்த லெப்டினன்ட் இவ்வழக்கத்தைக் கேள்விப்பட்டு மகிழ்ந்தார். அதையே தாமும் பின்பற்றப்போவதாகச் சொல்லி, குண்டுகள், எண்ணெய்க் கலன்கள், ஆயுதப் பெட்டிகள் யாவற்றையும் எங்கள் முற்றத்தில் இறக்கச் செய்தார்.

முத்தையா என்னிடம் ஓடிவந்தான். "டீச்சரம்மா, பாலம் ஒடிஞ்சிருச்சின்னா செல்லம்மாவ எப்புடிக் கீழ கொண்டாருவேன்? நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

நான் லெப்டினன்டிடம் ஒன்றே கேட்டேன்: இறக்கியவை போக, கவசத்தின் நிறை எவ்வளவு? அவர் வாகனத்தைப் பார்த்தார். பாலம் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றும்படி கட்டளையிட்டார். இனி மேலே சிறியது மட்டுமே போகும் என்று முடிவாயிற்று. வெயிலில் பெட்டி சுமந்த சார்ஜனுக்குக் கைகொடுத்தபடி முத்தையா ஆறுதல் சொன்னான்.

"லொறில சாக்க எறக்கினா லொறி லேசாயிரும் சார். இதுல வண்டியே சாக்குங்களே, எத எறக்குவீங்க?"

எதிரும் புதிரும்

ஒரு பிற்பகல் சிறிய வாகனம் மலையேறிச் சென்றது. சற்று நேரத்தில் தோட்ட அலுவலகத்துக் கிளாக்கர் தொலைபேசியில் அழைத்தார். செல்லம்மாவுக்கு வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடப்பதாக மருத்துவிச்சி சொல்கிறாள், அவளை ஏற்றிய தோட்டத்து லொறி புறப்பட்டுவிட்டது. அந்த ரோட்டில் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். இரண்டு வாகனங்கள் விலக இடமில்லை. ஒன்று திரும்பவும் இடமில்லை. முத்தையாவை உட்காரச் சொன்னேன், அவன் உட்காரவில்லை. ஊரடங்கையும் பாராமல் ரோட்டில் இறங்கி ஓடினான். இராணுவத்தினர் அவனைச் சுட்டுவிடாதபடி கூவிக்கொண்டே நானும் பின்னால் நடந்தேன்.

வளைவில் நாங்கள் முதலில் கண்டது சிறிய வாகனத்தின் பின்புறம். அது பின்னோக்கியே, லொறியின் வேகத்துக்குச் சற்றும் குறையாமல், இறங்கி வந்தது. சார்ஜன் துவான் மேலே நின்று, கீழ்நோக்கிப் பார்த்தபடி, சாரதிக்கு வழி கூவினார். துப்பாக்கியைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். அவர்களை ஒட்டினாற்போல் லொறி. அதன் முன்னிருக்கையில் செல்லம்மா. எதிரியை வேவு பார்த்ததும் வண்டியைத் திருப்பாமலே தப்பி ஓடுவதற்காக, முன்னுக்கு உள்ள கியர் அத்தனையும் பின்னுக்கும் அதற்கு உண்டு என்று சார்ஜன் பிறகு எனக்கு விளக்கினார். செட்டுக்கு வந்ததும் அது ஒதுங்கி வழிவிட்டது. முத்தையா லொறியில் தொற்றிக்கொண்டான். லெப்டினன்ட் காவலரண்களுக்குத் தகவல் அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் பெரியாஸ்பத்திரியில் அறுவை செய்து பெண்குழந்தையை எடுத்தார்கள், தாயும் பிழைத்தாள்.

குழந்தையோடு தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் செல்லம்மா செட்டில் இறங்கினாள். சார்ஜன் குழந்தையைப் பார்க்க வந்தார். "அண்டைக்குத் துவக்கப் பாத்துப் பயந்துட்டியா தங்கச்சி?" என்று துப்பாக்கியைக் குறித்துக் கேட்டார்.

"துவக்குக்கெல்லாம் பயப்படல்லீங்க சார். வண்டி ஓட்டுனவரு ரோட்டப் பாக்காம வழி முழுக்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தாரே, அதுக்குத்தான் பயந்தேன்!"

முன்னேறுவதற்கென்று அனுப்பப்பட்ட அவ்வாகனங்கள் அத்தனை மாதங்களில் எங்கள் பகுதிக்குச் செய்த உருப்படியான காரியம், ஒரேயொரு முறை பின்வாங்கியதுதான்.