ஜன்னலில் கவிழ்ந்திருந்த டம்ளர்

என் கையிலிருந்து விழுந்து விளிம்பு நசுங்கிய சில்வர் டம்ளர் அது. மந்தைவெளியில் டீச்சரம்மா வீட்டுச் சமையலறை ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். வேலை செய்கிற எனக்கென்று வைத்தது. பதினோரு வருடம் அதில்தான் காபி குடித்தேன். டீச்சரம்மா உயரத்தில் இருந்து ஊற்றுவார். பாத்திரத்தில் பாத்திரம் படாது.

ரிட்டையர் ஆனதும் அவர் நேபாளத்துக்குப் போனார். ஒரு புத்த மடத்தில் பிக்குகளுக்கு மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து போனில் படம் காட்டினார். பிக்குகளோடு தரையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். “அங்கெல்லாம் மேல கீழன்னு கிடையாது, தெரியுமா?” என்றார். நான் தரையைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். அந்தச் சமயம் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்பார்களாம். சேர்ந்துவிட்டால் கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். அதற்காகவே ஆசைப்பட்டேன். “நாலே நாலு பதில் சொல்லிக்குடும்மா, மனப்பாடம் பண்ணிக்கினு போறேன்” என்றேன். சிரித்தார். “பத்துப் பாத்திரம் தேய்க்க இங்கிலீஷ் எதுக்குடி? நீ போயிட்டா இங்க யார் தேய்ப்பா?” ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இங்கிலீஷில் பேர் கேட்டால் சொல்ல மட்டும் எனக்குத் தெரியும். சொன்னேன். இரண்டாவது கேள்வியில் அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருடம் அந்த மடத்துப் பிக்கு ஒருவர் டீச்சரம்மாவைப் பார்க்க வந்தார். தண்ணீர் தேடிச் சமையலறைக்கு வந்தவர், என் டம்ளரை எடுத்துக் குழாயில் பிடித்து வாய் வைத்துக் குடித்தார். டீச்சரம்மா ஓடிவந்து, “நோ, நோ! சர்வன்ட்ஸ் டம்ளர்!” என்று கத்தினார். அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்தானே, பிக்குவுக்கு நன்றாகவே புரிந்தது. மிச்சத்தையும் குடித்தார். கழுவி, மற்ற டம்ளர்களோடு அலமாரியில் வைத்தார். என்னிடம், “வாட் இஸ் யுவர் நேம்?” என்றார். சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அவர் ஊருக்குப் போன மறுநாள் டம்ளர் ஹால் ஷோகேஸில் இருந்தது. உள்ளே ஒரு பூ.

“பிக்கு வாய் வெச்சது. இனிமே நீ அதுல குடிக்காதே.”

“என் டம்ளர்மா அது.”

“உனக்குத்தான் புதுசு வாங்கியிருக்கேனே.”

ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் கப் கவிழ்ந்திருந்தது.

இன்றைக்கும் அங்கேதான் வேலை. வெள்ளிக்கிழமை ஷோகேஸைத் துடைக்கிறேன். வருகிறவர்களுக்கு டீச்சரம்மா டம்ளரைக் காட்டுவார். விளிம்பு ஏன் நசுங்கியிருக்கிறது என்று கேட்டால், “மடத்துப் பாத்திரம், ரொம்பப் பழசு” என்பார். நான் கப்பைக் கழுவி ஜன்னலில் கவிழ்ப்பேன்.