பதினொரு தலையாட்டல்

சலவைக்கூடத்தில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிப் போர்வைகளை ஓரம் ஒரு நூல் பிசகாமல் மடிப்பவள். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் வரும். ஊர்வம்பு அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆட்டிசம் என்று நாற்பது வயதில்தான் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். தம்பிக்கு அது இருப்பது மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டது.

தம்பிக்குப் பேச்சு கிடையாது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவான். ஆட்டினால் கேட்பவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள் என்று சின்னதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தான், கெட்டிக்காரன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அன்று அவசரப் பிரிவில் அவளை வெளியே நிறுத்திவிட்டு, வலி குறைந்துவிட்டதா என்று அவனிடம் கேட்டார்கள். தலையாட்டினான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் குடல்வால் வெடித்துச் செத்துப்போனான். அவன் கிடந்த போர்வையை அவளே துவைத்து மடித்தாள்.

அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆட்டிசம் உள்ள நோயாளிகளிடம் எப்படி விசாரிப்பது என்று டாக்டர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறதாம். அவளும் இணை ஆய்வாளராகச் சேர வேண்டுமாம். அவளுக்கு வேண்டியிருந்தது அதில் ஒரே ஒரு குறிப்பு. தலையாட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உடம்புப் படத்தைக் காட்டி வலிக்கும் இடத்தைத் தொடச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

விளக்குகள் இரைகிற பல்கலைக்கழக அறையில் தலைவலியோடு இரண்டு கூட்டம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதில் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள், தம்பியைப் பற்றியும் சேர்த்து. மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை தலைகளும் ஆடின. எண்ணி, நோட்டில் பதினொன்று என்று குறித்துக்கொண்டாள். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தம்பியோடு முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவளுக்கே இது உறைக்கவில்லை பாருங்கள். படித்தவர்கள் தலை சும்மா ஆடாது என்று நம்பிவிட்டாள். மறுநாள் சலவைக்கூட மேஸ்திரியிடம், "எல்லாரும் சரின்னுட்டாங்க," என்று தானாகவே வாய் திறந்து சொன்னாள்.

வெளியீட்டு விழாவில் கையேட்டைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்திலேயே அவள் போட்டோ பளபளவென்று இருந்தது. அவள் தன் குறிப்பைப் பக்கம் பக்கமாகத் தேடினாள். பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது: 'பேச இயலாதவர் தலையசைத்தால் ஆம் எனக் கொள்ளலாம்.'

அதைக் கூட்டங்களை நடத்திய பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அதுவாம்மா... படமெல்லாம் காட்ட டாக்டருங்களுக்கு நேரம் பத்தாதுன்னு விட்டுட்டோம். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அன்னைக்கு தலையாட்டினீங்களே சார்."

"நீங்க பேசறத கேட்டுக்கிட்டு இருக்கேன்னு ஆட்டினதும்மா. சம்மதம்னு இல்ல."

போட்டோ இருந்த பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்து, அவர் முன்னால் வைத்தாள்.

"என் தம்பி ஆட்டினதும் சம்மதம்னு இல்ல சார்."

பேராசிரியர் மெல்லத் தலையாட்டினார். நானூறு பிரதிகள் காலையிலேயே ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.