அளக்காத நாலு நாட்கள்

இன்று காலை கடையில் சீனி சுற்றித் தந்த தாளை விரித்தேன். கட்டம் போட்ட கொப்பித்தாள். யாரோ ஒரு பிள்ளை போட்ட கூட்டல் கணக்கு, அதுவும் பிழை. மூக்கருகே பிடித்தேன். அண்ணையின் கொப்பிகளும் இப்படித்தான் மணக்கும்.

அண்ணை கொழும்பில் பெரிய படிப்புப் படித்தார். பட்டத்துக்கு முன்னால் சொந்தமாக ஒன்றை ஆராய்ந்து எழுத வேண்டுமாம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் எங்கள் கொக்குவில் ஊர்க் கிணறும் கடலைப் போலவே அமாவாசைக்கும் முழுநிலாப் பறுவத்துக்கும் ஏறி இறங்குகிறது என்று காட்டப்போவதாகச் சொன்னார். அளக்கிற வேலை எனக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பாருங்கள், எண்கள் மட்டும் முத்து முத்தாக எழுதுவேன். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. தோட்டத்துக்கு இறைக்கத் தொடங்கமுன், முடிச்சுப் போட்ட கயிற்றைத் தினமும் கிணற்றில் இறக்கி, தண்ணி மட்டத்தைக் கொப்பிக் கட்டத்தில் எழுதுவேன்.

"கிணத்துக்கை என்னடி தேடுறாய்? உன்ரை மாப்பிளை உதுக்கையோ இருக்கிறார்?" என்று அம்மா கேலி செய்வார்.

ஒன்றரை வருடம் போயிற்று. சித்திரை விடுமுறைக்கு வந்த அண்ணை கொப்பிகளை விறாந்தையில் பரப்பினார். முகம் கறுத்திருந்தது.

"சரிவரேல்லை தங்கச்சி. ஒழுங்கா வந்து வந்து மாசத்திலை ஒருக்கா எல்லாம் குழம்புது. கொழும்பிலை என்ரை வாத்தியார் விடச் சொல்லுறார். விடுறன் எண்டு நாளைக்கு எழுதப்போறன்."

எனக்கு எந்த நாட்கள் என்று பார்க்காமலே தெரியும். மாதத்தில் நாலு நாள் நான் வீட்டுக்குத் தூரம். கொட்டிலில் ஒதுங்கி இருப்பேன், கிணற்றடியை மிதிக்கக் கூடாது. அம்மாவுக்கு எண் தெரியாது. கொப்பி வெறுமையாகக் கிடந்தால் வடிவில்லையே என்று, முழுகிய பிறகு அந்த நாலு கட்டத்தையும் மனம்போல நிரப்பிவிடுவேன். இதை ஓர் ஆம்பிளைக்கு எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் ஒன்றரை வருடமும் அடுப்புக்குத்தான்.

மறுநாள் அவர் மைக்கூட்டைத் திறந்தார். நான் தேத்தண்ணியோடு கதவடியில் நின்றேன்.

"அண்ணை, எழுதாதையுங்கோ."

"ஏன்?"

"உந்தக் குழம்பின நாளுகள் நான் அளக்கேல்லை. மாசத்திலை நாலு நாள் நான் கிணத்தடிக்குப் போறேல்லைத்தானே."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் காது சிவந்தது. இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தோம். பிறகு கொப்பிகளைப் புரட்டி அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டினார். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. மிச்ச எண்கள் பறுவத்தோடு ஏறின, பிறகு இறங்கின.

"அடி கள்ளி! உன்ரை பொய்யையல்லோ நான் இவ்வளவு நாளும் ஆராய்ஞ்சனான்!"

இன்னும் ஒரு வருடம் தொடர்கிறேன் என்று எழுதினார். "ஆடியிலை நானே வந்து நிண்டு எல்லா நாளும் அளக்கிறன்," என்றார். சொன்னபடி வந்தார். அப்போது ஊரெல்லாம் நெருப்புக் காய்ச்சல். அளக்கத் தொடங்கிய மூன்றாம் கிழமை அண்ணையையும் அது கொண்டுபோயிற்று.

நான் வாயைத் திறக்காதிருந்தால் அவர் கொழும்பிலேயே நின்றிருப்பார். இதை அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

கொப்பிகளை வாத்தியார் ஆளனுப்பி எடுப்பித்தார். அவற்றை என்ன செய்தார்களோ தெரியாது. அண்ணையின் கடிதத்தோடு வரும் தபால்காரர் எங்கள் வாசற்படலையில் இப்போது மணி அடிப்பதில்லை. விடியப்புறம் கிணற்றில் தண்ணி இறைக்கிற துலா மட்டும் கிறீச்சிடுகிறது. அதற்கு முன் எழும்ப எனக்கு ஒரு வேலையும் இல்லை.