மூன்று முறை பிறந்த பாலன்

என் சித்தப்பா சாமியார். மூன்று கோயில்களுக்கு அவர் ஒருவர்தான். அதனால் கிறிஸ்துமஸ் பூசை வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்தில் மாலை ஆறரைக்கு, மாமல்லபுரம் தாண்டிய மீனவக் குப்பத்தில் ஒன்பதுக்கு, செங்கல்பட்டு டவுனில் நள்ளிரவுக்கு. நல்ல நேரம் பெரிய ஊருக்குத்தான் என்பது மோட்சத்திலும் வழக்கம் போலிருக்கிறது. பாலன் இயேசு சொரூபமும் ஒன்றே ஒன்றுதான். அப்பா வேன் ஓட்ட, பாலனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வது எட்டு வயதான என் வேலை. மூன்று முறை பிறப்பவரை மூன்று முறையும் நான்தான் கொண்டுபோகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

குப்பத்தில் பூசை முடிந்து, எல்லாரும் குனிந்து பாலனின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்துவிட்டுக் கலைந்தார்கள். வாசலில் கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு நான் கோயிலுக்குள் பாலனைக் கிடத்தியிருந்த குடிலுக்குத் திரும்பியபோது வைக்கோல்தான் இருந்தது. நடுவில் பிள்ளை படுத்த அளவுக்கு ஒரு குழி.

அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். பாலன் இல்லாமல் டவுனில் பூசையை எப்படி நடத்துவது? அழுகை முட்டிக்கொண்டு வர, கோயிலைச் சுற்றித் தேடினேன். பின்பக்கம் கல்லறைத் தோட்டம். விளக்கில்லை, கடலின் சத்தம் மட்டும். ஒரு முழ நீளத்து மணல் மேட்டின் அருகே ஓர் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானைக்குள் எதையோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாத பாப்பா. இப்பத்தான் கண்ண மூடிகினு கீறான்."

வீட்டில் தம்பி தூங்கினால் நாங்கள் மூச்சுகூட விடமாட்டோம். அந்தப் பழக்கத்தில், யாரோ விளையாடிக் குவித்த மணல் என்று நினைத்து அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்து, பாலன் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன். அது என்ன மேடு என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முந்தானைக்குள்ளிருந்து சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

அப்பா டார்ச்சோடு கத்திக்கொண்டே வந்தார். பின்னால் வந்த சித்தப்பா அவரை அடக்கிவிட்டு, அங்கியோடு மணலில் குந்தினார். பால் குடித்தானா என்று கேட்டார். குடித்தான் என்றாள். பனி பிள்ளைக்கு ஆகாது, தூக்கிக்கொண்டு போகட்டுமா என்றார். அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள்.

"விடியறதுக்குள்ள கொண்டாந்துடணும் சாமி."

சித்தப்பா தலையாட்டினார். அதன் பிறகு அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வேனில் பாலன் என் மடியில் வெதுவெதுப்பாக இருந்தார். கடைவாயில் ஈரம். பனியாக இருக்கும் என்றார் அப்பா. டவுனில் அன்று பாலன் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் பிறந்தார். விடிந்தபோதும் அங்கேயே இருந்தார்.

அடுத்த வருடம் சித்தப்பா நேரத்தை மாற்றினார். டவுனுக்கு ஒன்பது மணிப் பூசை, குப்பத்துக்கு நள்ளிரவுப் பூசை. டவுன்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ரோடு சரியில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். பூசை முடிந்ததும் பாலனை எடுக்கப் போனேன். வேண்டாம், விடிந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தடுத்துவிட்டார். என் வேலை பறிபோன ஆத்திரத்தில் வேனிலேயே அழுது தூங்கினேன்.

விடிந்து போனபோது பாலன் குடிலில் இருந்தார். இடது கன்னத்தில் வட்டமாக ஒரு மைப்பொட்டு. சொரூபத்தை யாரோ அழுக்காக்கிவிட்டார்கள் என்று எனக்கு அப்படி ஒரு கோபம். எச்சில் தொட்டு, சுவடே தெரியாமல், அழுந்தத் துடைத்தேன்.