கம்பி சுற்றிய சிலேட்டு

ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வேலியில் யாரோ கோவை இலையைக் கசக்கிய மணம் வந்ததும், அந்த இலையால் சிலேட்டு துடைத்த ஆற்றங்கரை ஓலைப் பள்ளிக்கூடம் நினைவில் எழுந்தது. தொலைந்த பொருளெல்லாம் அங்கே டீச்சரின் பனைநார்ப் பெட்டிக்குள் போய்விடும்; வேறெதற்கும் பொருந்தாதபடி அடைமொழி சேர்த்துக் கேட்டால்தான் திரும்பக் கிடைக்கும். “இனி சிலேட்டத் தொலைச்சா படிப்பு கெடையாது” என்று அப்பா சொன்ன வாரத்திலேயே என்னுடையதும் அதற்குள் போனது.

“சிலேட்டு, டீச்சர்.”

“இங்கன ஆறு கெடக்கு. எது பிள்ள?”

“மூலை உடைஞ்ச சிலேட்டு.”

“அதுலயும் மூணு இருக்கு.”

“அழுமூஞ்சி சிலேட்டுன்னு சொல்லுட்டி!” என்றாள் பக்கத்திலிருந்த பாக்கியம். வகுப்பே சிரித்தது. ஒட்டுப்போட்ட சிலேட்டு என்று காட்டிக்கொள்ள எனக்கு வெட்கம். ஆனாலும் சொன்னேன்: “மூலை உடைஞ்ச, எங்கப்பா செம்புக் கம்பி சுத்திக் கட்டுன சிலேட்டு.”

யாரும் சிரிக்கவில்லை. பெட்டி திறந்தது.

பின்னொரு ஐப்பசி வெள்ளத்தில் பள்ளிக்கூடமே போய்விட்டது. ஆற்றங்கரையில் இருந்த, கோவைக்கொடி கூரைவரை ஏறிய, மழைக்கு ஒழுகிய ஓலைப் பள்ளிக்கூடம் என்று எவ்வளவு நீட்டிச் சொன்னாலும், எடுத்துத் தர இப்போது ஒருவரும் இல்லை.