இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே தெரிந்த வானம்

காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் கம்பெனிக்கு நானும், கூட வேலை செய்யும் மேரியும் ஸ்கூட்டரில் போவோம். அன்று நேரமாகிவிட்டதால், துறைமுகத்துக்காக வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை விட்டேன். பாதியில் முன்னாலும் பின்னாலும் அடைத்துக்கொண்டது. இரு பக்கமும் இரும்புச் சுவர். டீசல் புகையில் மூச்சு முட்டியது.

"இன்னாக்கா, நல்லா மாட்டிகினோமே!" என்றாள் பின்னால் இருந்த மேரி.

காற்றுக்காகத் தலையைத் தூக்கினேன். மேலே தெரிந்த துண்டு வானத்தில் பூநாரைகள்! கழுத்தையும் காலையும் நீட்டி, சிறகின் அடியில் ரோஜா நிறம் தெரிய, வந்துகொண்டே இருந்தன. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னை மறந்து ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

இடப்பக்க லாரி கிளம்பி, அதன் முன்சக்கரம் எங்கள் பக்கம் திரும்பியதே எனக்குத் தெரியவில்லை. மேரி டிபன் டப்பாவால் டிரைவர் கதவை டமடமவென்று அடித்தாள். சக்கரம் என் செருப்பை உரசி நின்றது.

"ஏம்மா, மேல இன்னா கீதுன்னு பாத்துகினு கீற?" என்று கத்தினார் டிரைவர்.

இப்போது லாரிகளுக்கு நடுவே நுழைவதே இல்லை. பறவை தெரிந்தால் ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று பார்க்கிறேன். மேரிதான் இன்னும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

"நீ மேல பாருக்கா, நான் சக்கரத்தப் பாத்துக்கிறேன்" என்கிறாள்.